மூணரை விரல்

குழாய்த் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர் பளபளா. யார் வைத்தார்கள் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. பெயர் மட்டும் வேலையிடத்தைத் தாண்டி அவள் தம்பி வாய் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அச்சிலிருந்து சொரசொரவென்று வரும் பித்தளைக் குழாயைச் சுழலும் துணிச் சக்கரத்தில் கொடுத்து, பார்க்கிறவர் முகம் தெரியும்படி ஆக்குவது அவள் வேலை. வேலை முடிந்து வெளியே வரும்போது அவள் முகம்தான் யாருக்கும் தெரியாது. மூக்கு, காது, இமை எல்லாம் கறுப்பு.

"குழாய் எல்லாம் கல்யாணப் பொண்ணு மாதிரி போகுது. நாம அடுப்பைத் தொடைச்ச துணி மாதிரி போறோம்" என்பாள் பக்கத்துச் சக்கரத்துக்காரி.

எந்த வீட்டுக்குப் போனாலும் பளபளா முதலில் பார்ப்பது குழாயைத்தான். கை கழுவுகிற சாக்கில் குனிந்து, வளைவின் உள்பக்கத்தைப் பார்ப்பாள். சோம்பேறிகள் அங்கேதான் ஏமாற்றுவார்கள். அவள் ஏமாற்றியதில்லை. அந்த உள்வளைவுக்காகத்தான் ஒருநாள் சக்கரத்துக்கு மிக அருகில் போய், இடது கை மோதிர விரலின் நுனியைக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வேலைக்குக் கையுறை போடக் கூடாது. போட்டால் சக்கரம் துணியைப் பிடித்து, துணி கையைப் பிடித்து, முழுக் கையும் போய்விடும். வெறும் கைதான். சக்கரத்தில் தடவும் பாலிஷ் சோப்பின் கொழுப்பு கைரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் முழுசாகப் போகாது.

இவ்வளவு கைத்திறமை உள்ள மகளுக்கு அவள் அம்மா கொடுத்தது நாலு திருகாணியும் ஒரு வளையமும் ஒரு தகடும். துப்பாக்கிக் குழலைக் கொடுத்தது மருமகளுக்கு.

அம்மாவைத் தெருவில் துப்பாக்கி அம்மா என்பார்கள். இளவயசில் ரைபிள் கிளப்பில் குறி பார்த்துச் சுட்டுப் பரிசு வாங்கியவள். அவள் சுட்ட ரைபிள் அப்போதே கிழடு, அவளுக்கு முன்னால் இரண்டு தலைமுறை தோளில் இருந்தது. கிளப் புதுத் துப்பாக்கிகள் வாங்கியபோது, சுடுவதற்கான பாகத்தை எடுத்துவிட்டு, காட்சிப் பொருளாக வைத்துக்கொள்ள முறையாக அனுமதி வாங்கி, அவளிடமே கொடுத்துவிட்டது. அன்று முதல் அது அம்மாவின் கட்டிலுக்கு மேலே சுவரில். பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது. பளபளா சிறுமியாக இருந்தபோது ஒருநாள், அம்மா சந்தோஷப்படுவாளே என்று நாற்காலி போட்டு ஏறித் தூசி துடைத்தாள். கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. "எட்டி நில்லு" என்றாள் அம்மா. எட்டி நின்றவள் நின்றவள்தான். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிபோன பிறகும், அம்மாவின் படுக்கையறைக்குள் நுழைந்தால் கால் தானாகக் கட்டிலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும்.

மழையில் கூரை ஒழுகியது. ஒழுகினது எங்கேயாவது ஒழுகியிருக்கலாம், நேராக ரைபிளின் மேல் ஒழுகியது. யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது குழல் முழுக்க அம்மை போட்ட மாதிரி துரு. அதே சமயம் கிளப்புக்குப் புதுக் கூடம் கட்டி முடித்திருந்தார்கள். செயலாளர் வந்து, "உங்க ரைபிளைத்தான் நடுச் சுவர்ல மாட்டப்போறோம். திறக்கிற அன்னைக்கு நீங்கதான் ரெண்டு வார்த்தை பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா துருவைப் பார்த்தாள். அன்றிலிருந்து வீடு பட்டறை ஆகிவிட்டது.

ரைபிளைப் பிரித்த அன்று சாயந்திரம் பளபளா வேலை முடிந்து நேராக அங்கே போனாள். சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வை விரித்திருந்தது. பிரிப்பதற்கு முன், தம்பி மனைவி ரைபிளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா பின்னால் நின்று, அவள் முழங்கையைக் கீழே தள்ளி, கன்னத்தைக் கட்டையில் அழுத்தி, "மூச்சை விடு... விடு... இப்ப நிறுத்து" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பளபளா வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றாள். அம்மாவின் கை அப்படித் தன் கன்னத்தில் பட்டது எப்போது என்று யோசித்தாள். அந்த அறைதான் நினைவுக்கு வந்தது.

தம்பி மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். பளபளா மனதுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஊசி. கெட்டவள் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் பளபளாவுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. சமைப்பாள், மரியாதை தெரியும், "அண்ணி, அண்ணி" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். ஒரு குறை கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது நிம்மதியாகத் திட்டலாம். அதுவும் கிடைக்கவில்லை.

தம்பி ரைபிளைப் பிரித்து முடித்ததும் அம்மா குழலை ஊசியிடம் கொடுத்தாள்.

"குழலை நான் பண்றேம்மா. ஒரே ராத்திரியில கண்ணாடி மாதிரி ஆக்கிடுவேன்" என்றாள் பளபளா.

"கண்ணாடி யாருக்கு வேணும்?" என்றாள் அம்மா. "நீ தொட்டா எல்லாம் குழாய் ஆயிடும். இது ரைபிள். வெயில்ல மினுங்கக் கூடாது. இந்தா, இந்தச் சின்னதெல்லாம் நீ எடுத்துட்டுப் போ."

தம்பி பஸ் டிப்போவில் மெக்கானிக். அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "குழாய்னு சொல்லாதம்மா, அக்காவுக்குக் கோபம் வந்தா திருகி விட்டுடும், வீடு பூரா வெள்ளம்" என்றான். ஊசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி கிண்டல் செய்தது பளபளாவுக்கு உறைக்கவில்லை. அவன் பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்கிறான். ஊசி வாயைப் பொத்திக்கொண்டதுதான் உறைத்தது.

திருகாணிகளையும், விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தையும், தோளில் படும் அடித்தகட்டையும் ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள். "எங்கம்மா சொத்து பிரிச்சுக் குடுத்துட்டாங்க" என்று கணவனிடம் காட்டினாள். பார்சல் வண்டி ஓட்டும் அந்த மனிதர் ஒரு திருகாணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பத்திரமா வை, பீரோ சாவி என்கிட்டதான் இருக்கு" என்றார். அன்று அவருக்குச் சூடாகச் சாப்பாடு கிடைக்கவில்லை.

தன் பங்கை அவள் சீக்கிரமே முடித்துவிட்டாள். ஆனாலும் தினமும் சாயந்திரம் அம்மா வீட்டுக்குப் போனாள். பார்க்கத்தான். பொறாமை என்பதைப் பசி மாதிரி வாய்விட்டுச் சொல்லவா முடியும்? அது "சும்மாதான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வரும்.

அங்கே நடந்த வேலை அவளுக்குப் புரிந்த மட்டில் தலைகீழாக இருந்தது. பழைய துருவையும் பழைய நிறத்தையும் ஊசி உப்புத்தாளால் நீளவாக்கில் பொறுமையாகத் தேய்த்து எடுத்தாள். வெள்ளை இரும்பு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதன்பின் அதை மறுபடி துருப்பிடிக்க வைக்க வேண்டுமாம். எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, ஒரு கரைசலைப் பஞ்சால் பூசி, ஈரமான குளியலறையில் தொங்கவிட வேண்டும். காலையில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு பூத்திருக்கும். அதைச் சுத்தமான தண்ணீரில் கொதிக்கவைத்தால் துரு கறுத்துவிடும். மேலே நிற்கிற தூளை இரும்புப் பஞ்சால் மெல்ல எடுத்துவிட்டு, மறுபடி பூசி, மறுபடி தொங்கவிட்டு, மறுபடி கொதிக்கவைத்து, இப்படிச் செய்யச் செய்ய நிறம் ஆழமாகி, கருநீலம் வரும். கிளப்பில் துப்பாக்கி பராமரித்தவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த நினைவில் அம்மா சொல்லிக் கொடுத்தாள்.

வாழ்நாள் பூரா துருவோடு சண்டை போட்ட பளபளாவுக்கு இது பிடிபடவே இல்லை. "துருவை உரம் போட்டு வளக்கிறீங்களா?" என்றாள்.

"ஆமா அண்ணி, தண்ணி ஊத்தி" என்றாள் ஊசி.

தம்பி ஒரு தடித்த குழாயை நெடுக்காக அறுத்து, இரண்டு முனையையும் அடைத்து, தொட்டி மாதிரி செய்திருந்தான். இரண்டு அடுப்பை அடுத்தடுத்து வைத்து அதன்மேல் தொட்டி. டிப்போவிலிருந்து பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கி வந்திருந்தான். குழலின் இரண்டு வாயிலும் மரக்கட்டை அடைத்து, அதைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். இரும்பில் கை படவே கூடாது. பட்டால் அந்த இடத்தில் துரு பிடிக்காது. நிறம் ஏறாது. "சட்டியில குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி செய்யணும்" என்று அம்மா சொன்னாள். ஊசி பரிசோதனை நிலையத்துக் கையுறையைச் சடக்கென்று மாட்டிக்கொள்வாள். அந்தச் சத்தம் கேட்டாலே பளபளாவுக்குப் பல் கூசும்.

தேய்த்து முடித்து, முதல் பூச்சுக்குத் தயாராகக் குழல் குளியலறையில் தொங்கியது. ஊசி அதைத் துடைத்து வைத்துவிட்டு, கரைசல் புட்டியை எடுக்க மாடிக்குப் போனாள். அம்மா அடுப்படியில் யாருடனோ தொலைபேசியில், "மருமகதான் பண்றா. எனக்கு இன்னொரு கை மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு கை.

பளபளா முகம் கழுவக் குளியலறைக்குள் போனாள். நேராகத் தொழிற்சாலையிலிருந்து வந்த கை. கதவைச் சாத்தினாள். குழல் கண்ணுக்கு நேரே தொங்கியது, நிறமில்லாமல், குளிக்க நிற்கிற ஆள் மாதிரி. பக்கத்தில் போனாள். யாரும் எட்டி நில்லு என்று சொல்லவில்லை. இடது கையை நீட்டி, நடுவில், முழுசாக, இறுகப் பிடித்தாள்.

தெரியாமல் பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. கொழுப்புக் கை பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் பிடித்தாள். ஆனால் கெடுக்க வேண்டும் என்பதற்காக மட்டும்தான் பிடித்தாளா என்று கேட்டால், அவளாலேயே சொல்ல முடியாது. குளிர்ச்சியாக இருந்தது. விட மனசு வரவில்லை. மாடிப்படியில் காலடி கேட்டதும் விட்டுவிட்டு, குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். பழக்க தோஷம், அந்த நேரத்திலும் குழாயின் உள்வளைவைப் பார்த்தாள். மோசமான வேலை.

மறுநாள் சாயந்திரம் அவள் போனாள். முதல் கொதிப்பு முடிந்திருந்தது. குழலை மேஜையில் கிடத்தியிருந்தார்கள். இரண்டு பக்கமும் அழகாகக் கறுத்திருந்தது. நடுவில் மட்டும் வெளிறிய திட்டு.

"கையுறை போட்டியா இல்லையா?" என்றாள் அம்மா.

"போட்டேன் அத்தை. நாள் பூரா கையுறையில இருக்கிறவ நான். எனக்கு மறக்குமா?"

"அப்ப பேயா வந்து தொட்டுச்சு? இவ்ளோ நாள் வேலை. திறப்பு விழாவுக்கு என்னத்தைக் கொண்டுபோய் மாட்டுறது?"

ஊசியின் மூக்கு சிவந்தது. அழவில்லை. இன்னொரு பூச்சு பூசித் தொங்கவிட்டாள். அடுத்த நாள் கொதிக்கவைத்துப் பார்த்தும் உதவவில்லை. சுற்றிலும் இன்னும் கறுத்தது, அந்த இடம் மட்டும் வேறு நிறமாகவே நின்றது. அம்மா அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பளபளாவுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அன்று தானே எழுந்து போய் எல்லாருக்கும் டீ போட்டாள். ஊசிக்கு மட்டும் ஒரு கரண்டி சர்க்கரை அதிகம் போட்டாள். ஏன் போட்டாள் என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது.

தம்பி டீயை உறிஞ்சிக்கொண்டே குழலைத் திருப்பிப் பார்த்தான். இரண்டாம் பூச்சுக்குப் பிறகு திட்டின் ஓரங்கள் தெளிவாகியிருந்தன. "அட, விரலு!" என்றான். கையுறை மாட்டிய தன் கையை அதன்மேல் ஒட்டாமல் வைத்துப் பார்த்தான். "ஒண்ணு, ரெண்டு... இதென்ன, இது பாதிலேயே நிக்குது. அப்புறம் சுண்டு விரலு. யாருப்பா இந்த மூணரை விரல்..."

அதோடு நிறுத்திவிட்டான். டீ தொண்டையில் சிக்கி இருமினான்.

யாரும் பளபளாவின் கையைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க மூன்று பேரும் பட்ட பாடு இருக்கிறதே, அதைவிட மூன்று பேரும் சேர்ந்து அவளை அடித்திருக்கலாம். அவள் டம்ளரை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் மாடிக்குப் போங்க" என்றாள் அம்மா. அவர்கள் போனார்கள்.

"தெரிஞ்சா தொட்ட?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

"எனக்கு ஏன் குடுக்கல?"

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீ எப்பக் கேட்ட?"

"கேட்டேனே, குழலை நான் பண்றேன்னு."

"அது அவகிட்டப் போனப்புறம் கேட்ட. அதுக்கு முன்னாடி? இத்தனை வருஷத்துல ஒரு தடவை, அம்மா அதைக் கீழே இறக்கு, நான் பாக்கணும்னு கேட்டிருக்கியா?"

"அறைஞ்சியே."

"அப்ப உனக்கு என்ன வயசு? நாற்காலியிலேருந்து விழுந்தா தலை உடைஞ்சிருக்கும். அதுக்குப்புறம் வளர்ந்தே இல்ல?"

"மக வாய் திறந்து கேக்கணுமா?"

"அவ வந்த மறுவாரமே கேட்டா. அத்தை, இதைத் தூக்கிப் பாக்கலாமான்னு. வீட்டுக்கு வந்த யாரும் என்கிட்ட அதைக் கேட்டதில்ல. உங்கப்பாகூடக் கேட்டதில்ல."

கேட்டால் கொடுப்பார்கள் என்று தெரிந்தவர்கள்தான் கேட்பார்கள் என்று பளபளா சொல்ல நினைத்தாள். சொன்னால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. "இப்பக் கேக்கிறேன். பழையபடி தேய்ச்சு எடுத்து முதல்லேருந்து பண்ணணும். நான் பண்றேன்" என்றாள்.

"என்கிட்டக் கேக்காத. அது அவ வேலை. கெடுத்தது அவ வேலையை. அவகிட்டக் கேளு."

மாடிக்கு ஏறுகிற படி அன்றைக்குச் செங்குத்தாக இருந்தது. ஊசி மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி அக்காவைப் பார்த்ததும், டிப்போவில் ஏதோ மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிக் கீழே ஓடிவிட்டான்.

"நான்தான் தொட்டேன்" என்றாள் பளபளா.

"தெரியும் அண்ணி."

"எப்ப?"

"முதல் கொதிப்புலயே. அதுக்கு முந்தின நாளு நீங்க முகம் கழுவிட்டுப் போனப்ப உங்க பாலிஷ் சோப்பு வாசனை குளியலறை பூரா இருந்துச்சு. பேப்பர்ல எழுதி ஒட்டினா மாதிரி."

"அப்ப ஏன் சொல்லல? அம்மா அத்தனை பேச்சுப் பேசினாங்களே."

ஊசி ஒரு போர்வையை உதறினாள். "சொன்னா நாத்தனாரைப் போட்டுக் குடுத்தவன்னு ஆயிடும். சொல்லலன்னா கை சுத்தமில்லாதவன்னு ஆயிடும். ரெண்டுல எது மலிவுன்னு பாத்தேன். இனிமே இந்த மாதிரி என்னை மாட்டி விடாதீங்க. எனக்குக் கோபம் வந்துச்சு. இன்னும் போகல."

குறை ஒன்றும் கிடைக்கவில்லையே என்று ஏங்கியவளுக்கு, ஊசிக்குக் கோபம் வரும் என்பது ஆறுதலாக இருந்தது. "தேய்க்கிறது மட்டும் நான் பண்ணட்டுமா?" என்றாள்.

"யோசிச்சுச் சொல்றேன்."

துணி மடித்து முடியும் வரை யோசித்தாள். மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி பளபளா பக்கத்தில் நின்றாள். ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடிக்கக் கை நீட்டினாள். ஊசி அதைக் கொடுக்காமல் தானே மடித்தாள்.

"தேய்க்கிறது நீங்க, பூசறது நான்" என்றாள் கடைசியில். "ஆனா என் வீட்டுல கையுறை போட்டுத்தான் தொடணும்."

என் வீடு. பளபளா பிறந்து வளர்ந்த வீடு. தேள் கொட்டின மாதிரி இருந்தது. சரி என்று தலையை ஆட்டினாள்.

திறப்பு விழா ரைபிள் இல்லாமலே நடந்தது. அம்மா போய் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, நடுச் சுவரில் அடித்து வைத்திருந்த வெறும் கொக்கிகளைப் பார்த்துவிட்டு வந்தாள். மகளிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது சொன்னதைவிட மோசம்.

சாப்பாட்டு மேஜையில் வேலை மறுபடி ஆரம்பித்தது. பளபளாவுக்குக் கையுறைக்குள் கை குருடாகிவிட்ட மாதிரி இருந்தது. மோதிர விரலின் உறை நுனி காலியாகத் தொங்கி உப்புத்தாளில் மாட்டியது. ஊசி அதை மடித்து ஒரு ரப்பர் வளையம் போட்டுவிட்டாள். பளபளா நீளவாக்கில், முனையிலிருந்து முனை வரை, ஒரே அழுத்தத்தில் தேய்த்தாள். ஊசி செய்ததைவிட நன்றாகத்தான் வந்தது. அதை ஊசியும் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பளபளாவுக்கு இன்னும் வேகம் வந்தது.

"போதும் அண்ணி, மினுங்க ஆரம்பிக்குது."

"இன்னும் கொஞ்சம்."

"போதும்னா போதும். இது குழாய் இல்ல."

அம்மா சொன்ன அதே சொல். பளபளா உப்புத்தாளைக் கீழே வைத்தாள். வைக்கிறதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அதன்பின் பூச்சு ஊசியுடையது. பளபளா குளியலறைப் பக்கமே போகவில்லை. முகம் கழுவ அடுப்படிக்குப் போனாள். துரு பூத்தது, கொதித்தது, கறுத்தது. ஒவ்வொரு கொதிப்புக்குப் பின்னும் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாகக் குனிந்து, திட்டு எங்கேயாவது தெரிகிறதா என்று பார்த்தார்கள். தெரிந்தால் அது யார் பக்கத்துத் தப்பு என்று முன்கூட்டியே மனதுக்குள் பதில் தயாராக வைத்திருந்தார்கள். திட்டு வரவில்லை.

கடைசியாக எண்ணெய் தடவியபோது குழல் மழைக்கு முந்தைய வானம் மாதிரி ஆகிவிட்டது. மினுக்கம் இல்லை. ஆழம்தான் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குழலை மரக்கட்டையில் பிடித்துத் தூக்கி, ஜன்னல் பக்கம் நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கி நெடுக்காகப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல இளகியது. பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரியிலோ, மகன் கல்யாணத்திலோ எடுத்த படங்களில்கூட இல்லாத ஒரு முகம்.

பளபளா அவள் கண்ணையே கவனித்தாள். முதலில் யார் பக்கம் திரும்பும்? ஊசியும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

"அத்தை, டீ போடட்டுமா?" என்றாள் ஊசி.

அம்மா காதில் விழவில்லை.

"அம்மா, தேய்ச்சது சரியா வந்திருக்கா?" என்றாள் பளபளா.

"ம்" என்றாள் அம்மா, குழலிடம்.

ஊசி மெதுவாக நகர்ந்து பளபளாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணி, உங்களை எப்பவாவது இப்படிப் பாத்திருக்காங்களா?"

"இல்ல. உன்னை?"

"நான் நேத்து வந்தவ."

இரண்டு பேரும் கையுறையைக் கழற்றாமல், பக்கத்தில் பக்கத்தில் நின்று, அந்த இரும்பை முறைத்துப் பார்த்தார்கள்.